கூண்டைத் திறந்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

எலி பிடிப்பதைப் பற்றி வானொலியில் பேசப்போகிறேன் என்றதும் வீட்டில் ஒரே சிரிப்பு. "நீங்க பிடிச்ச லட்சணம் ஊருக்கே தெரியணுமா?" என்று கேட்டார் என் மனைவி. தெரியட்டும். 31 வருடம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தியவன் ஒரு சுண்டெலியிடம் எத்தனை தடவை தோற்றான் என்று கேட்டுக்கொண்டால், நீங்கள் அதில் இரண்டு தடவையாவது குறைத்துக்கொள்ளலாம்.

போன ஐப்பசி மழையில் நடந்தது இது. எங்கள் வீடு மயிலாடுதுறைப் பக்கம், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடம். பக்கத்து வீட்டு வைக்கோல் போர் மூன்று நாள் மழையில் ஊறிப்போனது. நாலாம் நாள் காலையில் எங்கள் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஏழெட்டுப் புழுக்கைகள் கிடந்தன. கறுப்பாக, அரிசியில் பாதி அளவு, இரண்டு முனையும் கூராக. சுண்டெலிதான். பெரிய எலியின் புழுக்கை ஒரு சென்டிமீட்டருக்கும் மேலே இருக்கும். இந்த வித்தியாசத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். யார் வந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் கூண்டு வாங்கப் போனால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

புழுக்கையைக் கண்டதும் விளக்குமாற்றை எடுக்காதீர்கள். காய்ந்த புழுக்கையைக் கூட்டினால் தூசி மூக்குக்குள் போகும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, ஊறவிட்டு, பழைய காகிதத்தால் துடைத்து எடுங்கள். கையில் உறை இருக்கட்டும். எலிக்காய்ச்சல் என்கிறோமே, அந்தக் கிருமி வருவது எலியின் சிறுநீரிலிருந்து. கையிலோ காலிலோ சின்னக் கீறல் இருந்தால் போதும், அதன் வழியே உள்ளே போய்விடும். இரக்கம் காட்டலாம், வெறுங்கையால் காட்ட வேண்டாம்.

சரி, கடைக்குப் போனேன். கடைக்காரர் எலி கேக், பசை அட்டை, கம்பிக்கூண்டு மூன்றையும் மேசையில் வைத்தார். கேக்கில் இருக்கும் மருந்து ரத்தம் உறைவதைத் தடுக்கிறது. தின்ற எலி அன்றைக்கே சாகாது. சில நாட்கள் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து, பரணில் எங்காவது கை எட்டாத மூலையில் கிடந்து சாகும். நாற்றம் வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். தள்ளாடி வெளியே வந்தாலும் அதைக் கூகை பிடித்துத் தின்னும். ஆயுள் முழுக்க நமக்காக எலி பிடிக்கிற பறவைக்கு நாமே விஷம் வைத்த கணக்கு. இதைவிட மோசம், பற்பசை மாதிரி டியூபில் வந்துகொண்டிருந்த மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட். மனிதனின் ஈரலையே அழித்துவிடும். தமிழக அரசு அதைத் தடை செய்திருக்கிறது.

பசை அட்டை இன்னும் கொடுமை. எலி அதில் ஒட்டிக்கொண்டு ஒரு பகல், ஓர் இரவு என்று இழுத்துக்கொண்டு கிடக்கும். விடுபடுவதற்காகத் தன் காலையே கடித்துக்கொள்ளும். பல்லி, அணில், சிட்டு என்று அந்தப் பக்கம் போனதெல்லாம் ஒட்டும். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-லேயே வந்துவிட்டது. அதற்கு விதை போட்டவர் நம் கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல். 1953-ல் மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் தொடக்கம். 1962-ல் சென்னையில் விலங்கு நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவரே. பசை அட்டையைத் தடுக்கச் சொல்லி அந்த வாரியம் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. இருந்தாலும் அட்டை கடையில் தொங்குகிறது. உங்கள் வீட்டில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் பிடித்து இழுக்காதீர்கள், தோல் உரிந்துவிடும். ஒரு துணியால் மூடிப் பிடித்துக்கொண்டு, ஒட்டிய இடத்தில் சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பசை இளகிக்கொடுக்கும்.

ஆக, கம்பிக்கூண்டு வாங்கினேன். கொக்கியில் மசால் வடையைக் குத்தி வைத்துவிட்டுப் படுத்தோம். நடுராத்திரி 'டப்' என்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கதவு மூடியிருக்கிறது, பாதி வடையைக் காணோம், உள்ளே யாருமில்லை. மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. அந்தக் கூண்டு பெரிய எலிக்குச் செய்தது. சுண்டெலிக்கு ஒரு பென்சில் நுழைகிற இடம் போதும். மண்டை நுழைந்துவிட்டால் உடம்பு பின்னாலேயே வந்துவிடும். நான் கம்பிக்கு நடுவே சன்னல் வைத்து விருந்து போட்டிருக்கிறேன்! இதை எத்தனை பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தியிருப்பேன்.

அப்புறம்தான் வாளி யோசனை வந்தது. ஒன்றரை அடிக்குக் குறையாத பிளாஸ்டிக் வாளி வேண்டும். சுண்டெலி ஓர் அடி உயரம் எம்பும், அதனால் சின்ன வாளி உதவாது. வாளியைச் சுவர் ஓரமாக வையுங்கள். எலி நடுத்தரையில் நடக்காது, மீசை சுவரில் உரசுகிற மாதிரி ஓரமாகவே போகும். உள்பக்கம் மேலே கொஞ்சம் எண்ணெய் தடவி, அடியில் பழைய துணி, ஒரு கைப்பிடி பொரி, சுட்ட தேங்காய்ச் சில், தாகத்துக்கு ஒரு துண்டு தக்காளி. ஏறிவர வெளிப்பக்கம், வாளி விளிம்பை எட்டுகிற ஒரு நீளக் குச்சியைச் சாய்த்து வைத்தால் போதும். பெரிய எலி புதிதாக எதைக் கண்டாலும் நாலு நாள் ஒதுங்கி நின்று சந்தேகப்படும். சுண்டெலி அப்படியில்லை, புதுப்பொருள் என்றால் என்னவென்று பார்க்காமல் போகாது. அன்று ராத்திரி பத்து மணிக்கு வாளிக்குள் இருந்தது. வாளியில் தண்ணீர் ஊற்றி வைக்கிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதை நான் சொல்லித்தரவில்லை.

இங்கே ஒரு பழைய பாவத்தைச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன், வாடகை வீட்டில் இருந்தபோது, ராத்திரி ஒன்பது மணிக்கு மரப்பெட்டிப் பொறியில் ஏதோ விழுந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். காலையில் திறந்தால் செத்துக் கிடந்தது, மூஞ்சூறு. நீண்ட மூக்கு, கடுகுபோலக் கண், அந்த வாடை. மூஞ்சூறு எலியே கிடையாது, கொறிக்கும் இனத்தில் அது சேராது. பூச்சி தின்கிற பிராணி. கரப்பான்பூச்சிதான் அதற்குச் சாப்பாடு. உடம்பு எரிகிற வேகத்துக்கு அது ஓயாமல் தின்றுகொண்டே இருக்க வேண்டும், ஓர் இரவுப் பட்டினியைத் தாங்காது. குட்டிகள் ஒன்றன் வாலடியை ஒன்று கவ்விக்கொண்டு தாய்க்குப் பின்னால் ரயில்பெட்டி மாதிரி போவதைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். அரிசியைத் தொடாத ஒன்றை, கரப்பானைத் தின்று நமக்கு உபகாரம் செய்த ஒன்றை, சோம்பலால் கொன்றேன். பொறி வைத்தால் ராத்திரியே எழுந்து பாருங்கள். எழுந்திருக்க முடியாது என்றால் அன்றைக்குப் பொறி வைக்க வேண்டாம். மூஞ்சூறு விழுந்திருந்தால் அப்போதே வாசலில் விட்டுவிடுங்கள்.

சுண்டெலிக்கு வருகிறேன். வாளியைத் துணியால் மூடி, விடிந்ததும் ஸ்கூட்டரில் முன்னால் வைத்துக்கொண்டு காவிரிக் கரைக்குப் போனேன். ஆறு கிலோமீட்டர். ஐப்பசியில் எங்கள் ஊர் துலாக்கட்டத்துக்கு எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் பாவம் கழிக்க வருவார்கள். நான் எலியோடு போனேன். கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, மூங்கில் புதருக்குப் பக்கத்தில் வாளியைச் சாய்த்தேன். புதருக்குள் ஓடிவிடும் என்று நினைத்தேன். ஓடவில்லை. வெளியே வந்து, ஈர மண்ணில், அப்படியே உட்கார்ந்துவிட்டது. மூக்கு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. சமையலறை மேடைக்கு அடியில் ஏழெட்டு அடி தூரத்துக்குள் எது எங்கே என்று அதற்கு மனப்பாடம். இங்கே அதற்குத் தெரிந்த சுவர் ஒன்றுகூட இல்லை. மேலே கிளையிலிருந்து ஒரு காகம் இறங்கி வந்து நாலடி தள்ளி உட்கார்ந்தது. கையை வீசி விரட்டினேன். இன்னொரு பக்கம் போய் உட்கார்ந்தது. எவ்வளவு நேரம் விரட்டிக்கொண்டு நிற்பது? வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் கேட்டார்கள். விட்டாச்சு என்றேன்.

மனிதன் தானியத்தைச் சேர்த்துவைக்கத் தொடங்கிய காலத்திலிருந்து வீட்டுச் சுண்டெலி நம்மோடு இருக்கிறது. 10,000 வருடங்களுக்கு மேல் ஆகிறது. நம் கூரையும் நம் குப்பையும் அதற்கு ஊர். அதைக் காட்டில் விட்டால் சுதந்திரம் என்பது நம் கற்பனை. தூரத்தில் கொண்டுபோய் விடுகிறவர் கண்ணால் சாவைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான் லாபம். அதற்காக அடுத்த தெருவில் விடுவதும் நியாயமில்லை, அங்கேயும் பருப்பு டப்பா இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து வாளியில் இன்னொன்று. இந்தத் தடவை கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி, மூடியில் ஓட்டை போட்டு, வெளிச்சத்தில் வயிற்றைப் பார்த்தேன். முலைக்காம்புகள் துருத்தி, சுற்றிலும் முடி விலகியிருந்தது. பால் கொடுக்கிற தாய். அப்படியென்றால் வீட்டுக்குள் எங்கோ குட்டிகள் இருக்கின்றன. பிறந்த குட்டிக்குக் கண் திறக்கவே இரண்டு வாரம் ஆகும். குளிர்ந்துபோனால் அவை தாயைக் கூப்பிடுகிற சத்தம் நம் காதுக்கு எட்டாத அளவு கீச்சுக்குரல். நம் காலடியிலேயே கத்திக்கொண்டிருந்தாலும் நமக்குக் கேட்காது. முதலில் பிடித்தது ஆணா பெண்ணா என்று நான் பார்க்கவே இல்லை.

தேடினோம். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், அந்தக் கதகதப்பில், எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்த செய்தித்தாள் கட்டுக்குள் இருந்தன. காகிதத்தை நூல் நூலாகக் கிழித்துப் பஞ்சு மாதிரி ஆக்கி, நடுவில் ஐந்து குட்டிகள், ரோஜா நிறத்தில், சுண்டுவிரலின் நுனிக்கணு அளவுக்கு. எலி என்றால் நாற்காலி மேல் ஏறுகிற என் மனைவி குனிந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாய்க்குப் பொரி போட்டு நிழலில் வைத்துவிட்டு, அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டேன். உண்மையான வேலை அதுதான், வாளியெல்லாம் அதற்குப் பிறகு. பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய் சுவருக்குள் போகிற இடத்தில் இரண்டு விரல் இடைவெளி. கேஸ் குழாய் வருகிற துளை. பின்கதவு அடியில் தேய்ந்துபோன மூலை. "வெறும் சிமென்ட் அப்பினா ரெண்டு நாள்ல பிராண்டிடும் சார், கண்ணாடி உடைச்சுப் போடுறேன்" என்றார். கண்ணாடி வேண்டாம் என்று, பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணித்து அதன்மேல் சிமென்ட் பூசச் சொன்னேன். எலியின் பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கொறித்தே ஆக வேண்டும். ஆனால் கம்பி நார் மட்டும் அதற்குச் சரிப்படாது. கதவடியில் தகரம் அடித்தோம். பருப்பும் அரிசியும் மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவுக்குப் போயின. மொத்தச் செலவு, கொத்தனார் கூலியையும் சேர்த்து, நான் காவிரிக்கும் கடைக்கும் அலைந்த பெட்ரோலைவிட அதிகம் என்று சொல்லமாட்டேன், சொன்னால் மனைவி கணக்கு கேட்பார்.

பொழுது சாய்கிற நேரத்தில் கையுறை போட்டுக்கொண்டு, கூட்டைக் காகிதத்தோடு முறத்தில் அள்ளி, ஒரு பழைய மரப்பெட்டிக்கு மாற்றினேன். பெட்டியில் ஒரு ரூபாய் அளவுக்கு ஓட்டை. தோட்டத்து மூலையில் இருக்கும் விறகுக் கொட்டகையில், மழை படாத இடமாகப் பார்த்து வைத்து, பாட்டிலின் வாயை ஓட்டைக்கு நேராகச் சாய்த்தேன். கொஞ்ச நேரம் தயங்கி, சட்டென்று உள்ளே போனது. நாங்கள் வந்துவிட்டோம். பயந்த தாய் குட்டிகளை விட்டுவிட்டு ஓடுவதும் உண்டு. இரண்டு நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தேன். காலி. வேறு இடத்துக்குக் கவ்விக்கொண்டு போயிருக்கலாம், பூனையும் வந்திருக்கலாம்.

வாளியைப் பிளீச்சிங் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைத்தேன். இதையெல்லாம் விவசாயிகளிடம் போய்ச் சொல்கிற ஆள் நான் இல்லை. சம்பா கதிர் பிடிக்கிற நேரத்தில் வயலில் எலி வெட்டினால் என்ன ஆகும் என்று தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்தவனுக்குத் தெரியும். அவர்கள் வைக்கிற கிட்டிக்கு, அந்த மூங்கில் எலிப்பொறிக்கு, காரணம் இருக்கிறது. வீட்டில் ஒரே நேரத்தில் இருபது முப்பது எலி ஓடுகிறது என்றாலும் வாளி போதாது, முதலில் குப்பையையும் ஓட்டையையும் பார்க்க வேண்டும். சுண்டெலிக்கு மூன்று வாரத்தில் பிரசவம், பிறந்த குட்டி ஆறு வாரத்தில் சினைபிடிக்கிற பருவத்துக்கு வந்துவிடும். நான் பேசுவது, சமையலறையில் ஒன்றோ இரண்டோ தலைகாட்டுகிற வீட்டுக்கு.

இப்போது தை. பக்கத்து வீட்டில் அறுப்பு முடிந்து புது வைக்கோல் போர் போட்டிருக்கிறார்கள். நேற்று வெந்நீர் அடுப்புக்கு விறகு எடுக்கப் போன என் மனைவி, கொட்டகையின் கடைசி மூலையில் காகிதக் கந்தல் மாதிரி ஏதோ புதிதாகக் கிடக்கிறது என்றார். சமையலறையில் புழுக்கை ஏதாவது தட்டுப்பட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார். அந்த மூலை விறகை மட்டும் இப்போதைக்கு எடுக்க வேண்டாம் என்றேன்.

வணக்கம்.