சுவரில் ஓதம், நெஞ்சில் இழுப்பு: மும்பை வீடுகளில் பூஞ்சையும் தீராத மூச்சு நோயும்

[திரையில்: கூரையும் சுவரும் சேரும் மூலையில் கறும்புள்ளிகள். நகர்த்தி வைத்த பீரோ. அதன் பின்னால் சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் படலம்.]

"ஊருக்குப் போனால் இருமல் நின்றுவிடுகிறது. தாதரில் வந்து இறங்கி நாலு நாளில் திரும்பப் பிடித்துக்கொள்கிறது."

தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நம் ஆட்கள் இதைச் சொல்லி நான் நிறையக் கேட்டிருக்கிறேன். "ஊர்க் காத்து நல்ல காத்து" என்று அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும். அப்படி விடக் கூடாது. டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தியே அதுதான். இடம் மாறினால் மூச்சு சீராகிறது என்றால், விட்டு வந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மும்பையில் புகைக்கும் தூசிக்கும் குறைவில்லை, அதனால்கூட இருக்கலாம். ஆகவே இன்னொன்றையும் கவனியுங்கள். இதே ஊரில், இதே பேட்டையில், சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ ஒரு வாரம் தங்கினால் இழுப்பு குறைகிறதா? குறைகிறது என்றால் ஊர்க் காற்றை விட்டுவிட்டு உங்கள் வீட்டுச் சுவரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எனக்கும் ஆஸ்துமா உண்டு. மேற்குச் சுவர் மழையில் நனைகிற வீட்டில்தான் இருக்கிறேன். அதனால் இந்த வீடியோவில் மருந்துக்கு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் சுவருக்கும் உண்டு.

[திரையில்: மேற்கிலிருந்து சாய்வாக வந்து கட்டடத்தில் அடிக்கும் மழை, வரைபடமாக.]

பூஞ்சையின் வித்து எல்லாக் காற்றிலும் இருக்கிறது. நீங்கள் இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அறையிலும் இருக்கிறது. அதை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம். அது முளைக்கத் தேவை ஈரம், கொஞ்சம் உணவு. பெயிண்டில், ஒட்டுப்பலகையில், காகிதத்தில், தோல் செருப்பில் அந்த உணவு இருக்கிறது. எனவே நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது. அதற்கு மேல் ஈரமாகவே கிடந்தால் பிடிக்கும்.

இப்போது மும்பையை நினைத்துப் பாருங்கள். சென்னைக்கு வருஷம் முழுக்கச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை, நாலே மாதத்தில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. தென்மேற்குக் காற்றோடு வருவதால் சாய்வாக அடிக்கும். மேற்கையும் தெற்கையும் பார்த்த வெளிச்சுவர்கள்தான் முதலில் குடிக்கும். ஜூலையில் ஈரப்பதம் சராசரியாகவே 85 சதவீதத்தை ஒட்டி நிற்கும். உலர்த்த 48 மணி நேரம் என்றால், எந்த வெயிலில் உலர்த்துவது?

இதோடு வீட்டின் அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 225 சதுர அடியில் ஐந்து பேர். சமையல், குளியல், உள்ளேயே கொடி கட்டித் துணி உலர்த்துவது என்று எல்லா நீராவியும் அந்த ஒரே அறையில்தான். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடம் கைக்கெட்டும் தூரத்தில். கோவண்டி, மான்கூர்ட் பக்கத்தில், குடிசைகளிலிருந்து மாற்றப்பட்டவர்களுக்கான மறுவாழ்வுக் குடியிருப்புகளில் நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. வெளிச்சமும் காற்றும் புகாத கீழ்த்தளங்களில் காசநோய் கூடுதலாக இருப்பதை அது காட்டியது. பூஞ்சை வேறு, காசநோய் வேறு. ஆனால் இரண்டும் பிடிப்பது அதே இருட்டு அறையில்தான். இதை அந்தக் குடும்பங்களின் சுத்தக் குறைவு என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கட்டடத்தை அப்படிக் கட்டியவர்கள் அந்தக் குடும்பங்கள் இல்லை.

[திரையில்: மூச்சுக்குழாய். சாதாரணமாக இருக்கும்போது ஒரு படம், வீங்கி உள்வட்டம் சுருங்கியபோது ஒரு படம்.]

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது?

உலக சுகாதார நிறுவனம் 2009இல் வீட்டு ஈரம், பூஞ்சை பற்றித் தனியாக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஈரமான, பூஞ்சை பிடித்த வீடுகளில் இருப்பவர்களுக்கு மூச்சுத் தொந்தரவுகளும் மூச்சுப்பாதைத் தொற்றுகளும் ஆஸ்துமா மோசமாவதும் அதிகம் என்பது அதன் முடிவு. பலருக்கு இது மூக்கடைப்பு, தும்மல், கண் அரிப்போடு நிற்கும். ஏற்கெனவே ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மூச்சுக்குழாயின் உள்சுவர் வீங்கி, சளி கூடி, இரவு மூன்று மணிக்கு எழுந்து உட்கார வைக்கும். வீட்டில் நாலு பேருக்கு ஒன்றும் இல்லாமல் ஒருவருக்கு மட்டும் வருவதும் சகஜம். ஒவ்வாமை ஆளுக்கு ஆள் மாறும். "எங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையே, உனக்கு மட்டும் என்ன" என்று கேட்கும் வீட்டுப் பெரியவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கேள்வி நோயாளியை நோயைவிட அதிகமாகத் தளர்த்துகிறது.

இன்னும் ஆழமான இரண்டு நோய்கள் உண்டு. ஒன்றைச் சுருக்கமாக ஏபிபிஏ என்பார்கள். ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கு நுரையீரல் அளவுக்கு மீறி எதிர்வினை காட்டுவது இது. பெரும்பாலும் ஆஸ்துமாக்காரர்களுக்கு வரும். இருமலில் பழுப்பு நிறத்தில் கெட்டியான சளிக்கட்டி வரலாம். எக்ஸ்ரேயில் நிழல் தெரியும். நம் நாட்டில் நெஞ்சில் நிழல் என்றதும் எல்லோருக்கும் காசநோய்தான் நினைவுக்கு வருகிறது. சளிப் பரிசோதனையில் கிருமி தெரியாமலே காசநோய் மாத்திரை தொடங்கி, மாதக்கணக்கில் சாப்பிட்டும் இருமல் அடங்காமல், அப்புறம் ஏபிபிஏ என்று தெரியவந்தவர்கள் இந்தியாவில் நிறைய. ஒவ்வாமையின்போது ரத்தத்தில் கூடும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளின் மொத்த அளவு, ஆஸ்பர்ஜில்லஸுக்கான தனி ஐஜிஇ என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகள் வழியைக் காட்டிவிடும். ஆஸ்துமா மருந்து ஒழுங்காக எடுத்தும் அடங்கவில்லை என்றால் "ஏபிபிஏவுக்குப் பார்த்தீர்களா" என்று நுரையீரல் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையோ பூஞ்சை எதிர்ப்பு மாத்திரையோ மாதக்கணக்கில் தேவைப்படும். அடங்கிய பிறகும் திரும்ப வரக்கூடிய நோய் இது. ஆஸ்பர்ஜில்லஸ் மண்ணிலும் மக்கிய இலையிலும்கூட வளர்கிறது. எனவே ஒவ்வொரு ஏபிபிஏவுக்கும் வீட்டுச் சுவர்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது, பூஞ்சை, பறவைத் தூசி போன்றவற்றைத் தொடர்ந்து சுவாசிப்பதால் நுரையீரலின் காற்றறைகளே அழற்சி கண்டு மெல்லத் தழும்பேறும் நோய். ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நியூமோனைடிஸ் என்பார்கள். இந்தியாவில் 1,084 நோயாளிகளைக் கொண்டு தொகுத்த ஒரு பெரிய பதிவேடு 2017இல் வெளியானது. நுரையீரல் திசு நோய்களில் கிட்டத்தட்ட பாதி இந்த வகை என்று அது சொன்னது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஏர் கூலர் காற்றில் இருந்தவர்கள். கூலரின் ஈரப் பாய் பூஞ்சைக்கு நல்ல இடம். மும்பையில் கூலர் குறைவுதான், ஆனால் நாக்பூரிலும் டெல்லியிலும் இருக்கும் சொந்தக்காரர்களுக்குச் சொல்லுங்கள். மும்பையில் அதற்குப் பதில் புறா இருக்கிறது. புறா எச்சமும் இறகுத் தூசியும் இதே நோயைக் கொண்டுவரும். குளியலறைக் குழாய்கள் ஓடும் டக்டில் புறா கூடு கட்டியிருக்கும், அதே டக்டில்தான் குழாயும் கசியும். இரண்டையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

[திரையில்: கறுப்புப் பூஞ்சை, நெருக்கத்தில். அதன் மேல் ஒரு கேள்விக்குறி.]

"சுவரில் பிடிக்கும் கறுப்புப் பூஞ்சை விஷம்" என்று சொல்லும் வீடியோக்களும் உங்கள் கண்ணில் படும். 1990களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தக்கசிவு வந்தபோது, வீட்டில் இருந்த ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கறுப்புப் பூஞ்சையைக் காரணம் காட்டினார்கள். பிறகு 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே அந்த ஆய்வைத் திரும்பப் பரிசீலித்து, தொடர்பு நிரூபணமாகவில்லை என்று அறிவித்தது. நிறத்தை வைத்து எந்தப் பூஞ்சை என்று சொல்லவும் முடியாது. சிறுநீரில் பூஞ்சை நச்சு பார்க்கிறோம், உடம்பிலிருந்து நச்சை எடுக்கிறோம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தப் பணம் சுவருக்கும் இன்ஹேலருக்கும் வேண்டும்.

அதே சமயம், சோர்வும் தலைவலியும் கவனச் சிதறலும் இருப்பதாகச் சொல்பவர்களைப் பொய் சொல்கிறார்கள் என்று ஒதுக்குவதும் சரியில்லை. இரவெல்லாம் மூக்கடைத்து, இருமி, தூக்கம் கெட்டவருக்கு மறுநாள் வேறு எப்படி இருக்கும்?

[திரையில்: பீக் ஃப்ளோ மீட்டர். ஒரு பள்ளி நோட்டில் தேதி, காலை, மாலை என்று மூன்று கட்டங்கள்.]

நோயோடு தினமும் வாழ்வதற்கு நான் முதலில் சொல்வது பீக் ஃப்ளோ மீட்டர். மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று எண்ணில் காட்டும், மருந்துக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஊதுகுழாய் அது. காலையும் மாலையும் ஊதி எண்ணை எழுதுங்கள். பக்கத்திலேயே அன்று எந்த வீட்டில் தூங்கினீர்கள், மழையா என்பதையும் எழுதுங்கள். உங்கள் நல்ல நாள் எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கை. 50க்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரி. "ஊருக்குப் போனால் சரியாகிறது" என்பதைச் சிலர் காதில் போட்டுக்கொள்ளாமல் விடலாம். எண் எழுதிய நோட்டைக் காட்டினால் அப்படி விட முடியாது.

தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலரைப் பயந்து நிறுத்துபவர்கள் நம்மிடையே அதிகம். "பழக்கமாகிவிடும்" என்பார்கள். ஆகாது. மாத்திரையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய அளவு, நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாய் வைத்து எடுங்கள், எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெள்ளையாகப் படியலாம். அதுவும் ஒரு பூஞ்சைதான். சுவரைச் சரிசெய்தாயிற்று என்று மருந்தையும், மருந்து இருக்கிறதே என்று சுவரையும் விட்டுவிடக் கூடாது.

[திரையில்: இரண்டு சுவர்கள். ஒன்றில் வெள்ளைப் பொடி, மற்றொன்றில் கறும்புள்ளி.]

இனி சுவர். வெள்ளையாகப் பொடிப்பொடியாகப் பூத்திருந்தால் அது உப்பாக இருக்கலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், உப்பென்றால் கரையும், பூஞ்சை கரையாது. ஆனால் உப்பு பூத்தாலும் சுவருக்குள் தண்ணீர் ஓடுகிறது என்றுதான் அர்த்தம்.

சிறு இடம், அதாவது ஒரு கதவின் பாதிக்கும் குறைவு என்றால் நாமே துடைக்கலாம். ஆனால் நோயாளி துடைக்கக் கூடாது, வேறு யாராவது செய்யட்டும். என்95 மாஸ்க், கையுறை, திறந்த ஜன்னல். முதலில் ஈரமாக்கி, சோப்புத் தூள் கரைத்த தண்ணீரால் துடைக்க வேண்டும். காய்ந்த நிலையில் பிரஷ் போட்டால் வித்து அறை முழுக்கப் பறக்கும். பிளீச்சிங்கையும் டாய்லெட் கிளீனரையும் கலக்கவே கூடாது, வருவது குளோரின் வாயு, ஆஸ்துமாக்காரருக்கு அது உயிராபத்து. செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும் என்பதால் மருந்தடித்து விட்டுவிடாமல் துடைத்து அகற்ற வேண்டும். பூஞ்சை பிடித்த மெத்தையும் தலையணையும் தேறாது. பீரோவை வெளிச்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். ஏசி இருந்தால் மழைக்காலத்தில் டிரை மோடில் ஓட்டி, ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள்.

மேலே பெயிண்ட் அடிப்பதைப் பற்றி ஒரே வரி: ஈரச் சுவருக்கு வால் புட்டிப் பூச்சும் பெயிண்டும் போட்டால் அடுத்த ஆகஸ்டில் உரிந்து விழும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் வேலையே. மழைக்காலத்தில் மட்டும் ஓதம் என்றால் மொட்டை மாடி, வெளிச்சுவர் விரிசல், ஜன்னலுக்கு மேலே நீட்டிய சஜ்ஜா. வருஷம் முழுக்க என்றால் மேல்வீட்டுக் குளியலறை, அதன் தரையில் தண்ணீர் வடியும் நஹானி டிராப், சுவருக்குள் ஓடும் குழாய். மகாராஷ்டிர வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரி விதிகளின்படி மொட்டை மாடி, மழைக் கசிவு, பொதுக் குழாய் எல்லாம் சொசைட்டி செலவு. வீட்டுக்குள்ளிருக்கும் கழிவறை, சிங்க் கசிவு அந்த வீட்டு உறுப்பினர் செலவு. லிப்டில் பார்த்துப் பேசினால் போதாது. செயலாளருக்குக் கடிதம் எழுதி, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். மேல்வீட்டுக்காரரிடம் "உங்க பாத்ரூம் ஒழுகுது" என்று தொடங்கினால் சண்டைதான் மிஞ்சும். "அண்ணா, எங்க பாப்பாவுக்கு ராத்திரி மூச்சு இழுக்குது, ஒருதரம் கீழ வந்து பாருங்க" என்று கூப்பிட்டால் வருவார்கள், பெரும்பாலும்.

11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு, சுவரை உடைத்துப் பார்க்கும் உரிமை இல்லை. வீடு பார்க்கும்போதே பாருங்கள். வீடு பழையதாக இருக்க, ஒரு சுவர் மட்டும் புதுப் பெயிண்டில் பளிச்சென்று இருந்தால் காரணம் கேளுங்கள். அலமாரிக் கதவைத் திறந்து மோந்து பாருங்கள். மக்கிய வாடை வந்தால், மூச்சு நோய் இருப்பவருக்கு அந்த வீடு வேண்டாம்.

[திரையில்: சுவரில் ஓதத்தின் விளிம்பைச் சுற்றிப் பென்சில் கோடு. பக்கத்தில் தேதி.]

மழை இருக்கும்போதே ஓதத்தின் விளிம்பில் பென்சில் கோடு போட்டு, தேதி எழுதி, போட்டோ எடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். கோடு எந்தப் பக்கம் விரிகிறது என்பது கசிவின் திசையைக் காட்டும், சொசைட்டிக் கூட்டத்தில் சாட்சியாகவும் நிற்கும். வாட்டர்ப்ரூஃபிங் வேலையை மழையில் செய்ய முடியாது. அக்டோபரில் சுவர் உலரத் தொடங்கியதும் ஆள் பேசிவிடுங்கள், மே மாதம் எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிடும்போது நல்ல ஆள் கிடைக்கமாட்டார். வேலை முடிந்ததும் மாடியிலோ குளியலறையிலோ வடிகாலை அடைத்து, இரண்டு விரல் உயரம் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க விட்டு, கீழே கூரையில் புது ஈரம் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்க வேண்டும்.