ஔவையாரைப் பிள்ளைகளே தேடட்டும்

நடுவர் அவர்களே, எதிரணிப் பேச்சாளர்களே, அவையில் கூடியிருக்கும் பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் மனத்தில் வரலாற்றுப் பெண்கள் நிலைப்பது ஆசிரியர் சொல்லித் தருவதாலா, பிள்ளைகளே தேடிப் பேசுவதாலா? இதுதான் நமக்குக் கொடுத்த தலைப்பு. தேடிப் பேசுவதால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் கேட்டார்: "பத்து வயதுப் பிள்ளைக்கு ஆராய்ச்சி எதற்கு? ஒரு வேடம் போட்டு, நாலு வரி மனப்பாடமாகச் சொன்னால் போதாதா?" அரங்கம் கைதட்டியது. அந்த வேடத்திலிருந்தே தொடங்குகிறேன் ஐயா.

பள்ளி ஆண்டு விழாவில் தவறாமல் வருகிற வேடம் ஔவைப் பாட்டி. வெள்ளைச் சேலை, நெற்றி நிறைய விபூதி, கையில் ஒரு கோல். "அறம் செய விரும்பு" என்று மழலையில் சொல்லிவிட்டுக் குழந்தை இறங்கிவிடும். அழகுதான், நானும் ரசிப்பேன். ஆனால் அந்தக் குழந்தை மனத்தில் என்ன பதிந்தது? ஔவையார் என்றால் ஒரே ஒரு கிழவி என்பது பதிந்தது.

அதே குழந்தை ஐந்தாம் வகுப்பில் பள்ளி நூலகத்தில் இரண்டு புத்தகங்களை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். ஒன்றில் ஔவையார் சங்ககால மன்னன் அதியமானின் நண்பர். தொண்டைமானிடம் தூது போனவர். இன்னொன்றில் ஆத்திசூடி பாடியவர். இரண்டு காலத்துக்கும் நடுவே பல நூற்றாண்டுகள்! "ஒருத்தர் எப்படி டீச்சர் இவ்வளவு வருஷம் உயிரோடு இருந்திருப்பார்?" என்று அந்தப் பிள்ளை கேட்கும். ஔவையார் என்ற பெயரில் ஒருவருக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள் என்று அறிஞர்கள் சொல்வது அப்போதுதான் அதற்கு விளங்கும். அதியமானுடைய அவைக்குப் போன ஔவையாரை இளம் விறலியாக, அதாவது ஆடிப் பாடும் கலைஞராகக் காட்டும் பாட்டு புறநானூற்றிலேயே இருக்கிறது என்று ஆசிரியர் எடுத்துச் சொன்னால், அந்தக் கோல் கையிலிருந்து தானாக நழுவிவிடும். இந்தக் கேள்வியை எந்த வேடம் கேட்க வைக்கும்?

"எங்கே தேடும்? கிராமத்துப் பிள்ளைக்கு என்ன வசதி இருக்கிறது?" என்று எதிரணிச் சகோதரி கவலைப்பட்டார். நியாயமான கவலை, சகோதரி. ஆனால் தேட வேண்டிய பெயர்கள் பிள்ளைகளின் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. தம்பிப் பாப்பா பிறந்தபோது அம்மாவுக்கு வந்த மகப்பேறு உதவித்தொகைத் திட்டத்துக்கு யார் பெயர்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. கல்லூரிக்குப் போகிற அக்காவின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் விழுகிறதே, 'புதுமைப் பெண்' என்று நாம் சுருக்கிச் சொல்லும் அந்தத் திட்டத்தின் முழுப்பெயரில் இருப்பவர் யார்? மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். "யாரும்மா இவங்க?" என்று பிள்ளை கேட்கட்டும். அம்மாவுக்கும் தெரியாமல் இருக்கலாம். இருவரும் சேர்ந்து தேடுவார்கள். அந்த வீட்டில் அன்றைக்கு இரண்டு பேர் படிப்பார்கள்!

முத்துலட்சுமி ரெட்டியைத் தேடினால் என்ன கிடைக்கும்? புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த ஒரு பெண். ஆண்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு எழுகிறது. மன்னரே அனுமதி கொடுத்துச் சேர்க்கிறார். 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம். பிறகு சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவர். தங்கையைப் புற்றுநோய் கொண்டுபோன துயரம் ஆறாமல், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். நம் ஊரிலிருந்து யாராவது ஒருவர் அடையாறு போய்ச் சிகிச்சை பெற்றிருப்பார். அந்த வீட்டுப் பிள்ளைக்கு இது எப்படி வெறும் பாடமாக இருக்கும்?

ராமாமிர்தம் அம்மையாரைப் பற்றித் தேடும் பிள்ளை 'பொட்டுக்கட்டுதல்' என்ற இடத்தில் வந்து நிற்கும். இதைப் போய்ச் சின்னப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று எதிரணி தயங்குகிறது. நான் தயங்க மாட்டேன். "உன் வயசுப் பெண்பிள்ளைகளைக் கோயிலுக்கே உரியவர்கள் என்று பொட்டுக்கட்டி விட்டார்கள். மற்றப் பெண்களைப் போலக் கல்யாணம் செய்துகொண்டு, தன் விருப்பப்படி வாழ அவர்களுக்கு வழியில்லை. அந்த வழக்கத்துக்குள்ளேயே வளர்ந்த ராமாமிர்தம் வெளியே வந்து ஊர் ஊராகப் பேசினார். முத்துலட்சுமி சட்டமன்றத்தில் போராடினார். 1947-இல் அந்த வழக்கத்தைத் தடுக்கச் சட்டமே வந்தது." பத்து வயதுக்கு இவ்வளவு போதும். அநியாயம் எது என்று அந்த வயதுக்குப் பளிச்சென்று தெரியும். 1938-இல் இந்தி எதிர்ப்புப் படையோடு ராமாமிர்தம் திருச்சியிலிருந்து சென்னை வரை நடந்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது என்று படித்தால், பிள்ளை திரும்பித் தன் பாட்டியைப் பார்க்கும்.

இன்னொன்று நடுவர் அவர்களே, என் வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் பிள்ளைக்கு எல்லாச் செய்தியும் ஒரே எடைதான். சோழ அரசி செம்பியன் மாதேவி செங்கல் கோயில்களைக் கற்கோயில்களாக மாற்றினார் என்பதற்குக் கல்வெட்டு இருக்கிறது. தஞ்சைப் பக்கத்துப் பிள்ளை போய்த் தொட்டே பார்க்கலாம். சிவகங்கை அரசி வேலுநாச்சியார் கணவரைக் காளையார்கோவிலில் 1772-இல் இழந்து, விருப்பாச்சியில் தங்கி, ஹைதர் அலியின் துணையோடு 1780-இல் சிவகங்கையை மீட்டது வரலாறு. அவர் படையிலிருந்த குயிலி, உடம்பில் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் பாய்ந்தாள் என்பது மக்கள் வாய்வழியாகக் காத்துவந்த செய்தி. அதற்கான எழுத்துச் சான்று பற்றி ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. தேடிய பிள்ளை மேடையில் நின்று, "இது கல்வெட்டில் இருக்கிறது, இது எங்க ஊரில் சொல்கிறார்கள்" என்று பிரித்துச் சொல்லும். குயிலி மேல் மதிப்பு அதனால் ஒரு துளியும் குறையாது. ஆனால் கைப்பேசியில் வருகிற எல்லாவற்றையும் நம்பிவிடுகிற இந்தக் காலத்தில், ஐந்தாம் வகுப்பிலேயே "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கப் பழகிய பிள்ளை எவ்வளவு பெரிய செல்வம்!

பையன்களும் தேட வேண்டும். கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் கரும்பு ஆராய்ச்சி செய்த ஜானகி அம்மாளைத் தேடிப் பேசினால், தாவரவியல் விஞ்ஞானி என்றதும் அவன் மனக்கண்ணில் ஒரு பெண்ணும் வருவார்.

கடைசியாக, "வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் அம்மாதான் எழுதுவார், கடையில் வாங்கிய படத்தை ஒட்டிச் சார்ட் வரும்" என்றார்கள். உண்மை, ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பழி தேடலின் மேல் விழக் கூடாது. அதை நடத்துகிற முறையைத்தான் மாற்ற வேண்டும். சார்ட் வேண்டாம். தாளைப் பார்த்துப் படிக்கவும் வேண்டாம். இரண்டு வாரம் வகுப்பு நேரத்திலேயே தேடட்டும். யாரைப் பற்றி என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். ஐந்து நிமிடம் தன் சொந்த வார்த்தையில் பேசட்டும். பிறகு வகுப்பிலிருக்கும் பிள்ளைகள் மூன்று கேள்வி கேட்கட்டும். அம்மா எழுதிக் கொடுத்தது முதல் கேள்வியோடு தீர்ந்துவிடும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்கிற பிள்ளையை எங்கள் அணியின் சாட்சியாக எடுத்துக்கொண்டு தீர்ப்பு வழங்குங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.