தடைப்பட்டியலில் உள்ளவரின் லண்டன் வீடு: பறிமுதலா, முடக்கமா?

லண்டனில் ஒரு பெரிய வீடு. உரிமையாளரின் பெயர் பிரிட்டனின் தடைப்பட்டியலில், அதாவது அரசு பொருளாதாரத் தடை விதித்தவர்களின் பட்டியலில், ஏறிவிட்டது. இனி வீடு யாருடையது? அரசாங்கத்துடையது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, இன்றும் அவருடையதுதான். பறிமுதல் வேறு, முடக்கம் வேறு. முடக்கினால் பத்திரத்தில் பெயர் மாறாது. ஆனால் விற்கவோ, அடமானம் வைக்கவோ, வாடகைக்கு விடவோ முடியாது. கூரை ஒழுகினால், அவர் பணத்திலிருந்து கொத்தனாருக்குக் கூலி கொடுக்கக்கூட தடைகளை நடைமுறைப்படுத்தும் பிரிட்டன் நிதித்துறையின் ஓஃப்ஸி அலுவலகத்தில் உரிமம் வாங்க வேண்டும்.

[திரையில்: வீடு, அதன் மேல் மூன்று நிறுவனப் பெட்டிகள்]

சிக்கல் என்னவென்றால், இப்படிப்பட்ட வீடுகள் பெரும்பாலும் ஆள் பெயரில் இருப்பதில்லை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் பெயரில் இருக்கும். அதற்கு மேலே இன்னொரு நிறுவனம். அதனால்தான் உக்ரைன் போர் தொடங்கி மூன்று வாரத்துக்குள், 2022 மார்ச் 15 அன்று, புதிய சட்டம் வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1999 ஜனவரி 1 முதல் நிலம் வாங்கிய வெளிநாட்டு நிறுவனங்கள், 25 விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருப்பவர் யார் என்று பிரிட்டனின் நிறுவனப் பதிவகமான கம்பெனிஸ் ஹவுஸில் பதிய வேண்டும். பதிந்தால் 'ஓஇ' என்று தொடங்கும் எண் கிடைக்கும். எண் இல்லாமல் வாங்கினால் நிலப்பதிவகம் பெயரை ஏற்றாது. ஏற்கெனவே உள்ள சொத்தை விற்பதும், ஏழு ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதும் அங்கேயே நின்றுவிடும்.

ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். இங்கேதான் நிறைய பேர் தடுக்கி விழுகிறார்கள். புதுப்பிக்காத நிறுவனம் பதியாத நிறுவனத்துக்குச் சமம். பணம் கொடுத்த பிறகு இது தெரியவந்தால், வாங்கியவர் பெயரில் சொத்து பதிவாகாது.

அந்த 25 விழுக்காட்டையும் முடக்கத்துக்கான 50 விழுக்காட்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது, யார் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதற்கு. இரண்டாவது, நிறுவனமும் சேர்ந்து முடங்குமா என்பதற்கு. நிறுவனமும் முடங்க, தடைப்பட்டவரின் பங்கு பிரிட்டனில் 50-ஐத் தாண்ட வேண்டும். அமெரிக்காவில் சரியாக 50 இருந்தாலே போதும். தடைப்பட்ட இருவர் 25, 25 வைத்திருந்தால் அமெரிக்கா கூட்டிப் பார்க்கும். பிரிட்டன் பொதுவாக அப்படிக் கூட்டுவதில்லை, இருவரும் சேர்ந்து செயல்பட ஏற்பாடு இருந்தால் ஒழிய.

அப்படியானால் 49 வைத்துக்கொண்டு மீதியை மகன் பெயருக்கு மாற்றிவிட்டால் தப்பிக்கலாமா? பிரிட்டன் பங்கை மட்டும் பார்ப்பதில்லை, கட்டுப்பாட்டையும் பார்க்கிறது. நிறுவனம் யார் சொற்படி நடக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. பட்டியலில் பெயர் ஏறுவதற்குச் சில நாள் முன்பு நடந்த பங்கு மாற்றத்தைக் கண்டால், நல்ல வழக்கறிஞர் அங்கேயே நின்று விசாரிப்பார்.

[திரையில்: நிலப்பதிவேட்டுப் பக்கம்]

வாங்குபவரோ வாடகைக்குப் போகிறவரோ செய்ய வேண்டியது இது. முதலில் நிலப்பதிவேட்டு நகலை எடுங்கள். உரிமையாளர் வெளிநாட்டு நிறுவனம் என்றால், கம்பெனிஸ் ஹவுஸ் பதிவேட்டில் இலவசமாகத் தேடி, கடைசியாகப் புதுப்பித்த தேதியைப் பாருங்கள். அங்கே வரும் ஒவ்வொரு பெயரையும் தடைப்பட்டியலில் தேடுங்கள். ரஷ்யப் பெயர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டல் பலவிதமாக இருக்கும், பிறந்த தேதியையும் ஒப்பிடுங்கள். பெயர் பொருந்தினால் முன்பணமும் வாடகையும் கொடுக்காதீர்கள். 2022 ஜூன் 15-க்குப் பிறகான மீறல்களில், தெரியாமல் செய்தேன் என்றாலும் ஓஃப்ஸி அபராதம் போடலாம்: 10 லட்சம் பவுண்டு அல்லது மீறலின் மதிப்பில் பாதி, எது கூடுதலோ அதுவரை.