சுசுகி கந்தாரோ: போரை முடிக்க அழைக்கப்பட்ட அட்மிரல்

[காட்சி: 1945 வசந்தகாலம், குண்டுவீச்சில் எரிந்த டோக்கியோ தெருக்கள்]

1945 ஏப்ரல் 7 அன்று, ஜப்பானின் மாபெரும் போர்க்கப்பலான யமாட்டோ, ஒகினாவாவை நோக்கிச் செல்லும் வழியில் அமெரிக்க விமானங்களின் தாக்குதலில் மூழ்கியது. அதே நாளில் அந்நாட்டின் பிரதமராகப் பொறுப்பேற்றவர், 77 வயதான, காது மந்தமான, ஓய்வுபெற்ற அட்மிரல் சுசுகி கந்தாரோ. படையினர் அரசியலில் இறங்கக் கூடாது என்பது அவருடைய நெடுநாள் கொள்கை. ஆகவே முதலில் மறுத்தார்; பேரரசர் ஹிரோஹிட்டோவே நேரில் கேட்டுக்கொண்ட பிறகுதான் இசைந்தார்.

இளமையில் அவர் டார்பிடோ தாக்குதலில் பெயர் பெற்றவர். 1895இல் சீனாவின் வெய்ஹாய்வெய் துறைமுகத்தில் இரவுத் தாக்குதல் நடத்திய படகுகளில் ஒன்றுக்குத் தலைமை தாங்கினார். 1905இல் சுஷிமா கடற்போரில் அவருடைய நாசகாரிக் கப்பல்கள் ரஷ்யப் போர்க்கப்பல் நவாரினை மூழ்கடித்தன. பின்னர் கடற்படைத் தலைமைத் தளபதியாக உயர்ந்து, 1929இல் பேரரசரின் அரண்மனைத் தலைமை அதிகாரியானார்.

[காட்சி: பனி மூடிய டோக்கியோ, 1936]

1936 பிப்ரவரி 26 விடியற்காலையில், கிளர்ச்சியில் இறங்கிய இளம் ராணுவ அதிகாரிகளின் ஆட்கள் அவருடைய இல்லத்தில் புகுந்து அவரைச் சுட்டார்கள். உயிர் போக இறுதியாக ஒரு முறை வெட்டிவிடலாம் என்று வந்தபோது மனைவி தாக்கா தடுத்து மன்றாடியதால், கிளர்ச்சியாளர்களின் தலைவர் ஆண்டோ தெருசோ விலகிச் சென்றார். அந்தத் தாக்கா, ஹிரோஹிட்டோவைக் குழந்தைப் பருவத்தில் வளர்த்தவர்களுள் ஒருவர் என்பதையும் நினைவில் கொண்டால், பேரரசருக்கும் சுசுகிக்கும் இடையே இருந்த நம்பிக்கை எத்தகையது என்பது விளங்கும்.

அமைதியை விரும்பிய ஒருவர் பிரதமரானவுடன் ஏன் அமைதி பேசவில்லை? விடை, அன்றைய ஆட்சி அமைப்பில் இருக்கிறது. ராணுவ அமைச்சராகப் பணியிலிருக்கும் தளபதி ஒருவரையே அமர்த்த வேண்டும் என்பது விதி. அவர் பதவி விலகி, ராணுவம் வேறொருவரைத் தர மறுத்தால் அமைச்சரவையே கவிழும். 1940இல் யோனாய் மித்சுமாசாவின் அமைச்சரவை அப்படித்தான் கவிழ்ந்தது. முக்கிய முடிவுகளுக்கு அமைச்சர்கள் அனைவரின் இசைவும் தேவைப்பட்டது. எனவே, போரை இறுதிவரை நடத்துவதாக ராணுவத்துக்கு வாக்களித்துத்தான் சுசுகியால் நாற்காலியில் அமர முடிந்தது. ஒரு பக்கம் இறுதிப் போர் என்று முழங்கியவர், இன்னொரு பக்கம் ஏப்ரல் 12 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் இறந்தபோது அமெரிக்க மக்களுக்கு இரங்கல் தெரிவித்தார்.

இந்த இரட்டைப் பேச்சுக்கு நாடு கொடுத்த விலை பெரியது. ஜப்பான் சரணடையுமாறு நேச நாடுகள் கோரிய போட்ஸ்டாம் பிரகடனம் ஜூலை 26 அன்று வெளியானது. 28 அன்று செய்தியாளர்களிடம், அதைப் பொருட்படுத்தப் போவதில்லை, போர் தொடரும் என்றார் சுசுகி. ராணுவத்தைச் சமாதானப்படுத்தச் சொன்னதாக அவருக்காக வாதிடலாம். ஆனால் வாஷிங்டன் அதை மறுப்பாகவே எடுத்துக்கொண்டது, அதில் வியப்பில்லை. சோவியத் ஒன்றியம் நடுவராக வரும் என்ற வீண் எதிர்பார்ப்பிலும் வாரங்கள் கழிந்தன. ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமா அழிந்தது. 9ஆம் தேதி சோவியத் படைகள் மஞ்சூரியாவுக்குள் நுழைந்தன, நாகசாகியின் மீது இரண்டாவது அணுகுண்டு விழுந்தது.

[காட்சி: அரண்மனையின் நிலத்தடிப் பதுங்கிடம், ஆகஸ்ட் 9 இரவு]

போர் பற்றிய முடிவுகளை எடுக்கும் உயர்நிலைக் குழுவின் ஆறு பேரும் அப்போதும் மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்து நின்றார்கள். பேரரசரின் நிலை காக்கப்பட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையுடன் போட்ஸ்டாம் பிரகடனத்தை ஏற்கலாம் என்றவர்கள் சுசுகி, வெளியுறவு அமைச்சர் டோகோ, கடற்படை அமைச்சர் யோனாய். படைக்கலைப்பு, போர்க்குற்ற விசாரணை, அந்நியப் படைகளின் ஆக்கிரமிப்பு ஆகியவை பற்றியும் நிபந்தனைகள் வேண்டும் என்றவர்கள் ராணுவ அமைச்சர் அனாமியும் இரு படைத் தலைமைத் தளபதிகளும். பேரரசர் முன்னிலைக் கூட்டத்தில் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட முடிவைத்தான் வைப்பது மரபு. பேரரசர் பொதுவாக வாய் திறப்பதில்லை. நள்ளிரவு தாண்டி இரண்டு மணியளவில் சுசுகி எழுந்து, வாக்கெடுப்பு நடத்தாமல், முடிவை நேராகப் பேரரசரிடமே விட்டார். ஹிரோஹிட்டோ டோகோவின் பக்கம் நின்றார். என் பார்வையில் சுசுகி செய்த ஒரே துணிச்சலான செயல் இதுதான். மூன்று வாரங்களுக்கு முன்பே செய்திருக்கலாமா என்ற கேள்வியிலிருந்தும் அவர் தப்ப முடியாது.

ஆகஸ்ட் 14 அன்று பேரரசர் தம் முடிவை மீண்டும் உறுதிசெய்தார். மறுநாள் அதிகாலையில், சரணடைவதை எதிர்த்த படையினர் முதலில் பிரதமர் இல்லத்தையும், பிறகு சுசுகியின் சொந்த வீட்டையும் தாக்கித் தீயிட்டார்கள். முன்னரே எச்சரிக்கப்பட்டதால் அவர் தப்பினார். அனாமி தற்கொலை செய்துகொண்டார். அன்றே அமைச்சரவையும் பதவி விலகியது.

சுசுகி 1948 ஏப்ரல் 17 அன்று காலமானார். அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பு, 1947 மே 3 அன்று, நடைமுறைக்கு வந்த புதிய அரசியல் சாசனத்தின் 66ஆம் பிரிவு, பிரதமரும் பிற அமைச்சர்களும் படையினர் அல்லாதவர்களாகவே இருக்க வேண்டும் என்று விதித்துவிட்டது.