சோறு சாப்பிடும் ஊரில் கோதுமை நோய்

நேயர்களுக்கு வணக்கம்.

சீலியாக் நோய் என்று சொன்னால், "அது வடநாட்டுக்காரர்களுக்கு வருவது, சோறு சாப்பிடுகிற நமக்கு எங்கே வரப்போகிறது?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை நம்பித்தான் சிலர் காரணம் தெரியாமல் வருடக்கணக்கில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. பரோட்டா மாவு இழுத்த இழுப்புக்கு வருவது அதனால்தான். இந்தப் புரதம் நம் யாருக்குமே முழுதாகச் செரிப்பதில்லை. பெரும்பாலோருக்கு அதனால் கெடுதல் இல்லை. சீலியாக் உள்ளவர்களுக்கு மட்டும், செரிக்காத அந்தத் துணுக்குகளைப் பார்த்து உடலின் எதிர்ப்புச் சக்தி கிளம்பி, சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. சிறுகுடலின் உட்பக்கம் தேங்காய்ப்பூத் துண்டு மாதிரி இழை இழையாக இருக்கும். சத்தை உறிஞ்சுவது அந்த இழைகள்தான். நோய் முற்ற முற்ற அவை மழுங்கி, உட்பக்கம் வழவழவென்று ஆகிவிடும். அதற்குப் பிறகு என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது.

இதற்குக் காரணம் கோதுமை என்று கண்டுபிடித்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944-45 குளிர்காலத்தில் போரினால் அந்நாட்டில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்காத அந்த நாட்களில் இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்தார்கள். அதற்கு முன்பிருந்தே அவருக்குக் கோதுமை மேல் சந்தேகம் உண்டு. 1950-இல் தன் ஆய்வேட்டில் அதை நிறுவினார்.

சரி, நம் ஊருக்கு வருவோம். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா என மூன்று பகுதிகளிலும் சேர்த்து 23,000-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். வடக்கே 100 பேருக்கு ஒருவருக்குச் சற்று அதிகமாகவும், தெற்கே 1,000 பேருக்கு ஒருவருக்கும் ரத்தத்தில் இந்த நோயின் தடயம் இருந்தது. ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு, மூன்றில் ஒருவருக்கு மேல். பெரிய வித்தியாசம் தட்டில்தான். வடக்கே ஒருவர் சராசரியாக ஒரு நாளைக்கு 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கே 25 கிராம்.

அந்த 25 கிராம் இன்னும் 25 கிராமாகவே இருக்கிறதா? சர்க்கரை வந்துவிட்டால் ராத்திரிக்குச் சப்பாத்தி, காலையில் கோதுமை ரவை உப்புமா. பிள்ளைகளுக்கு பிஸ்கட், நூடுல்ஸ், பிரெட். நோய் எவ்வளவு கூடும் என்று நான் ஜோசியம் சொல்ல வரவில்லை. ஆனால் "நமக்கு வராது" என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம் என்று வந்தால் குடலைச் சந்தேகிப்போம். பலருக்கு அதெல்லாம் இருக்காது. இரும்புச் சத்து மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியும் ரத்தசோகை போகாது. இரும்பு உறிஞ்சப்படும் இடம் சிறுகுடலின் முதல் பகுதி. நோய் அதிகம் பாதிப்பதும் அதே இடம். குழந்தை வயதுக்கேற்ற உயரம் வளராமல் இருக்கலாம். எலும்பு தேயலாம், கருத்தரிப்பது தள்ளிப் போகலாம், முழங்கையிலும் முழங்காலிலும் அரிப்போடு கொப்புளம் வரலாம். இப்படி இருந்தால் டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனை தேவையா என்று உங்கள் மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பெரியவர்களுக்கு அப்புறம் எண்டோஸ்கோப்பி வழியாகக் குடலில் துளி சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்வார்கள்.

ஒன்றை மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். பரிசோதனைக்கு முன்னால் கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் குடல் ஆறத் தொடங்கும், ரத்தத்தில் தடயமும் மறையும். நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும். அப்புறம் உண்மை தெரிய, மறுபடி வாரக்கணக்கில் கோதுமை சாப்பிட்டு அவதிப்பட வேண்டும்.

பரிசோதனையில் சீலியாக் இல்லை, கோதுமை அலர்ஜியும் இல்லை, ஆனாலும் சப்பாத்தி சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. இதைக் குளூட்டன் கூருணர்வு என்கிறோம். இதில் குடல் இழைகள் சேதமாவதில்லை. சிலருக்குத் தொல்லை தருவது குளூட்டனே அல்ல, கோதுமையில் உள்ள ஃபிரக்டான் என்ற மாவுச்சத்து வகை. அது வெங்காயத்திலும் பூண்டிலும் உண்டு. இவர்கள் கோதுமையைக் குறைத்தாலே பலருக்குப் போதும். சீலியாக் என்றால் அப்படி முடியாது. வாழ்நாள் முழுதும், துளிகூட ஆகாது.

நல்லவேளை, நம் சமையலறை இதற்கு ஏற்றது. இட்லி, இடியாப்பம், புட்டு, கம்பங்கூழ், கேழ்வரகு அடை, தினை, சாமை, வரகு எதிலும் குளூட்டன் இல்லை. தொல்லை ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அது சாம்பாரில், ரசத்தில், ஊறுகாயில், மோரில் என்று எல்லாவற்றிலும் போகிறது. அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது, பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்து வாங்குங்கள். ரவை, சேமியா இரண்டும் கோதுமைதான். மால்ட் கலந்த பானங்களில் பார்லி இருக்கும். ஓட்டல் கல்லில் ரவா தோசைக்குப் பின்னால் சாதா தோசை ஊற்றினால் அதுவும் ஆகாது.

மாவு மில்லையும் மறந்துவிடுகிறோம். கோதுமை அரைத்த கையோடு உங்கள் கேழ்வரகைக் கொட்டினால், இயந்திரத்தில் தங்கிய கோதுமை அதில் கலந்துவிடும். குளூட்டன் இல்லாதது என்று விற்க, ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அவ்வளவு சிறிய அளவு. முடிந்தால் வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கு உறுதியானால் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கும் இருக்க வாய்ப்புண்டு, வெளியே எந்தத் தொந்தரவும் தெரியாவிட்டாலும். அவர்களும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். அதன் முடிவு வரும்வரை அவர்கள் வழக்கம்போலச் சப்பாத்தி சாப்பிடலாம்.

வணக்கம்.