பெயர் வாசிக்கும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம். காவல்துறையின் மோப்ப நாய்ப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அக்டோபர் 21, காவலர் வீரவணக்க நாளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு மைதானத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். அந்த ஓராண்டில் பணியின்போது உயிர்விட்ட காவலர்களின் பெயர்களை ஓர் அதிகாரி வாசிப்பார். பதவி, பெயர், அடுத்த பதவி, அடுத்த பெயர். வெயில் ஏறிக்கொண்டே இருக்கும். கழுத்தில் வியர்வை இறங்கும், துடைக்கக் கை எடுக்க முடியாது. முதல் வருடம், எப்போது முடியும் என்றுதான் நின்றேன். சில வருடம் கழித்து, தெரிந்த பெயர் ஒன்று வந்தது. பயிற்சிக் காலத்தில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன். இரண்டு நொடிதான், அடுத்த பெயருக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு பெயரைக்கூட நான் காதில் வாங்காமல் விட்டதில்லை.

இந்த நாள் லடாக்கில் பிறந்தது. 1959 அக்டோபரில் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் ரோந்து போன சிலர் திரும்பி வரவில்லை. மறுநாள், 21ஆம் தேதி, கரம்சிங் என்ற அதிகாரி தலைமையில் ஒரு குழு அவர்களைத் தேடிப் போனது. சீனப் படையினர் மேட்டிலிருந்து சுட்டார்கள். மத்திய ரிசர்வ் போலீஸ் படையைச் சேர்ந்த 10 பேர் இறந்தார்கள். அவர்களின் உடல்கள் நம் கைக்கு வந்தது நவம்பர் 13இல்தான். சண்டைக்கென்று கிளம்பியவர்கள் இல்லை அவர்கள். கூட வேலை பார்த்தவனைக் காணோமே என்று தேடிப் போனவர்கள். எனக்கும் தேடுவதே பிழைப்பாக இருந்ததால், அந்த ஒரு விஷயம் மனதை விட்டுப் போவதில்லை.

டெல்லி சாணக்கியபுரியில் 2018இல் தேசிய காவலர் நினைவகம் திறந்தார்கள். 30 அடி உயரக் கருங்கல் தூண் ஒன்று, பக்கத்திலே பெயர்ச் சுவர். திறந்த அன்றே அதில் 34,000க்கும் மேற்பட்ட பெயர்கள். அவற்றில் எத்தனை பெயர் நமக்குத் தெரியும்? 1991 மே 21 என்றதும் எல்லோருக்கும் ராஜீவ் காந்தி நினைவுக்கு வருவார். அதே இடத்தில், அதே நொடியில் காவல் கண்காணிப்பாளர் முகமது இக்பாலும் ஆய்வாளர் ராஜகுருவும் இன்னும் பல காவலர்களும் இறந்தார்கள். 2021 நவம்பரில், நவல்பட்டு சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் ஆடு திருடர்களை ராத்திரியில் பைக்கில் விரட்டிப் போய், வெட்டுப்பட்டு இறந்தார். ஆட்டுக்காகவா ஓர் உயிர் போக வேண்டும் என்று என்னிடமே சிலர் கேட்டார்கள். ஆடு வளர்க்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள் என்றேன். அவருக்கு அதுதான் பள்ளிக்கூடக் கட்டணம், அதுதான் மருத்துவச் செலவு.

சரி, நாய்களுக்கு வருகிறேன். பெரிய தலைவர் பேசும் மேடையில் முதலில் ஏறுவது யார் தெரியுமா? வெடிபொருள் தேடும் நாயும், அதன் கயிற்றைப் பிடித்தவனும். நாற்காலிக்கு அடியில், பூந்தொட்டியில், மைக் பெட்டியில் என்று நாய் மோந்துகொண்டே போகும். திருடனைப் பிடிக்கும் நாய் குரைக்கலாம், இது குரைக்கக் கூடாது. வாசனை பிடிபட்டால் சத்தமில்லாமல் அப்படியே உட்கார்ந்துவிடும். கண் மட்டும் நம் பக்கம் திரும்பும். 'இதோ இருக்கிறது, பந்தைக் கொடு' என்கிற பார்வை. பயிற்சியில் வெடிமருந்தைக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். அது உட்கார்ந்த அந்த நொடியில் என் முதுகு சில்லிடும். அதன் வால் ஆடிக்கொண்டிருக்கும். நடுவில் இருப்பது ஆறு அடிக் கயிறு.

மும்பையில் 1993 குண்டுவெடிப்புகளின்போது ஜஞ்சீர் என்ற லாப்ரடார் நாய் 3,000 கிலோவுக்கு மேல் ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்தைக் கண்டுபிடித்தது என்பார்கள். அது வெடித்திருந்தால் எத்தனை வீட்டில் அழுகை கேட்டிருக்கும்! 2000 நவம்பரில் எலும்புப் புற்றுநோயில் ஜஞ்சீர் இறந்தபோது காவல்துறை முழு மரியாதையோடு அடக்கம் செய்தது.

மனிதனையும் நாயையும் ஒன்றாகவா வைக்கிறாய் என்று சில காவலர் குடும்பங்களுக்கு வருத்தம் வரலாம். நான் ஒன்றாக வைக்கவில்லை. 2008 நவம்பர் 26 இரவு, மும்பைத் தாக்குதலின்போது, துக்காராம் ஓம்ப்ளே என்ற காவலர் வெறும் லத்தியோடு பயங்கரவாதி கசாப்பின் துப்பாக்கிக் குழலை இறுக்கிப் பிடித்தார். குண்டுகள் பாய்ந்தும் பிடியை விடவில்லை. எது வரும் என்று தெரிந்தே பிடித்த கை அது. நாய்க்கு அது தெரியாது. நாம் போ என்றோம், அதனால் போகிறது. தெரிந்து போனவருக்கு நாம் பட்டிருப்பது நன்றிக் கடன். தெரியாமல் போனதற்கு நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டும் வேறு வேறு கணக்கு. ஆனால் இரண்டையும் தீர்க்க வேண்டியது நாம்தான்.

என்னிடம் இருந்தவள் ஜூலி. இரண்டு மாதக் குட்டியாக வந்தாள், ஒன்பது வயதில் சிறுநீரகம் கெட்டு இறந்தாள். குண்டு வெடித்து இறக்கவில்லையே, பணியில் இறந்ததாக எப்படிச் சொல்வது என்று ஒருவர் கேட்டார். ஜூலிக்குப் பணி இல்லாத வாழ்க்கை என்று ஒன்று எங்கே இருந்தது? கடைசி வாரம் எழுந்து நிற்க முடியாது. ஆனாலும் காலையில் நான் பூட்ஸ் போடும் சத்தம் கேட்டால், கயிறு மாட்டியிருக்கும் ஆணியைப் பார்ப்பாள். அப்புறம் என்னைப் பார்ப்பாள்.

நாய்க்கூடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் அவளைப் புதைத்தோம். மைதானத்தில் வாசிக்கும் பட்டியலில் நாய்களின் பெயர் வந்து நான் கேட்டதில்லை. அதனால் ஒவ்வொரு அக்டோபர் 21ஆம் தேதியும், எல்லோரும் கலைந்த பிறகு, நான் அந்த மரத்தடிக்குப் போவேன். தொப்பியை நேராக வைத்துக்கொள்வேன். அதிகாரி வாசித்த அதே குரலில், முதலில் அவள் பிரிவைச் சொல்வேன், பிறகு அவள் பெயரைச் சொல்வேன். இந்த வருடமும் போகிறேன்.