பதினொன்றில் நிற்கும் வேகம்: உப்புவெளித் தம்பியின் கேள்விக்குப் பதில்

வணக்கம். இன்றைக்கு வேறொன்று பேசுவதாகச் சொல்லியிருந்தேன், அது அடுத்த முறை. இந்தக் கேள்வி வந்த நேரத்திலிருந்து வேறு எதிலும் மனம் போகவில்லை.

உப்புவெளியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடையில் மூன்று கொம்பியூட்டர், மூன்றும் ஒரே நெட்வேர்க் ஸ்விட்சில், அதாவது கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டியில். எடிட் செய்யும் மெஷினிலிருந்து பக்கத்து மெஷினுக்குக் கல்யாண வீடியோ அனுப்பினால் செக்கனுக்கு 110 எம்பி (மெகாபைட்) போகிறது. உள்ளறையில் இருக்கும் மூன்றாவதுக்கு அனுப்பினால் 11தான். "அண்ணா, அதை விற்றுவிட்டுப் புதிது வாங்கவா, இல்லை இன்டர்நெட் பெக்கேஜைக் கூட்டவா?" என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் உங்களுக்கு ஒரு நன்றி. எண்ணை எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வழக்கமாக வருவது "சரியான ஸ்லோ அண்ணா" என்ற ஒரு வரிதான். அதை வைத்து நான் என்ன செய்வது, சாத்திரமா பார்ப்பது? 11 என்று சொன்னீர்களே, பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

எப்படி என்றால், நெட்வேர்க் வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள், கோப்பு போகும் வேகத்தைப் பைட்டில் காட்டுவார்கள். எட்டுப் பிட் ஒரு பைட். 100 மெகாபிட் இணைப்பை எட்டால் வகுத்தால் 12.5. வழிச்செலவு கொஞ்சம் கழியும், கையில் வருவது பதினொன்று சொச்சம். கிகாபிட், அதாவது 1000 மெகாபிட் என்றால் 125, கையில் வருவது 110 சொச்சம். உங்கள் இரண்டு எண்களையும் பாருங்கள். மெஷின் களைத்துப்போய் மெதுவானால் ஒருமுறை 17 வரும், ஒருமுறை 42 வரும், ஏறி இறங்கும். அசையாமல் 11 என்று நின்றால் மெஷின் பாவம், அதன் மேல் குற்றம் இல்லை. அந்த இணைப்பு கிகாபிட்டில் பேசாமல் 100இல் பேசிக்கொண்டிருக்கிறது.

பழைய நேயர்களுக்குத் தெரியும், நான் எதற்கெடுத்தாலும் நம்ம திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய்விடுவேன். இன்றைக்கும் போகத்தான் வேண்டும். ஏழு கிணறும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, சூடு ஒவ்வொன்றிலும் வேறு. ஒன்றில் வாளி விட்டுத் தலையில் ஊற்றிவிட்டு "கன்னியாத் தண்ணீர் இவ்வளவுதான்" என்று சொல்ல முடியுமா? அனுப்பும் டிஸ்க், கேபிள், ஸ்விட்ச், மெஷினுக்குள் கேபிள் குத்தும் நெட்வேர்க் கார்ட், வாங்கும் டிஸ்க் எல்லாம் தனித்தனிக் கிணறு. ஒவ்வொன்றிலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். ஐபெர்ஃப்3 என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. டிஸ்க்கைத் தொடாமல் இரண்டு மெஷினுக்கு நடுவே உள்ள பாதையை மட்டும் அளக்கும். அது மெகாபிட்டில் காட்டும். 940 அளவில் காட்டினால் கேபிளும் ஸ்விட்சும் சுகம், டிஸ்க்கைப் பாருங்கள். 94 காட்டினால் நான் சொன்னதுதான்.

உங்களுக்கு அதுகூட வேண்டாம். விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் விவரத்துக்குள் இணைப்பு வேகம் எழுதியிருக்கும், 1000க்கு 1000 என்றோ 100க்கு 100 என்றோ. உள்ளறை மெஷினில் 100 இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். கையால் 1 கிகாபிட் என்று மாற்றப் போகாதீர்கள், ஆட்டோவிலேயே விடுங்கள். இரண்டு முனையும் தங்களுக்குள் பேசித்தான் வேகத்தை முடிவு செய்யும்.

ஏன் 100க்கு இறங்குகிறது? கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நான்கு சோடி. 100க்கு இரண்டு சோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். மிச்ச இரண்டில் ஒரு கம்பி அறுந்தாலும் பல கார்டுகள் முறைப்பாடு செய்யாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கி வேலையைப் பார்க்கும். "கேபிள் வேலை செய்கிறதே" என்று நாமும் அதைச் சந்தேகப்பட மாட்டோம்.

நானே ஏமாந்திருக்கிறேன். டச்பேப் பக்கம் ஒரு வீடு, கடல் பார்த்த அறை. இதே பதினொன்று. ஸ்விட்சை மாற்றினேன், கார்டை மாற்றினேன், விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். மூன்றாம் நாள் அந்த வீட்டு அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "தம்பி, அந்த வயர் முனையில என்ன பச்சையா இருக்கு?" என்றார். களிம்பு! மலிவு முனைகளில் தங்கப்பூச்சு பேருக்குத்தான் இருக்கும், உப்புக் காற்றுக்குத் தாங்காது. முனையை வெட்டிப் புதிதாக அடித்தேன், 112 வந்தது. மூன்று நாள் கூலி கேட்க வாய் வரவில்லை, தேத்தண்ணியோடு சரி.

ஆகவே நல்ல மெஷினின் கேபிளைக் கழற்றி உள்ளறை மெஷினில் குத்திப் பாருங்கள். வேகம் வந்தால் கேபிள்தான். வராவிட்டால் அந்த மெஷினின் கார்டே பழைய 100 கார்டாக இருக்கலாம், அதற்கும் மெஷினை விற்க வேண்டாம், கார்டை மட்டும் மாற்றலாம். பெக்கேஜ் கதையை மறந்துவிடுங்கள். இந்தக் கோப்பு உங்கள் கடை வாசலையே தாண்டுவதில்லை. இன்டர்நெட் லைனைக் கழற்றி வைத்தாலும் அதே வேகத்தில்தான் போகும்.

சரி, இதெல்லாம் நீங்கள் கேட்டது. கேட்காத ஒன்று இருக்கிறது. கேள்வியின் கடைசியில் "இடம் போதாது, கட் செய்துதான் அனுப்புவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நெஞ்சு திக்கென்றது. வேகம் 11ஆ 110ஆ என்பதைவிட எனக்கு இதுதான் பெரிது. கட் செய்தால், போய்ச் சேர்ந்ததும் இங்கே உள்ளது அழிந்துவிடும். கடைசியில் அந்தக் கல்யாணம் உலகத்திலேயே ஒரே ஒரு பழைய டிஸ்க்கில், உப்புக் காற்று வீசும் ஒரு அறையில். பிறகு மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்வீர்கள், தாலியை மறுபடி கட்டச் சொல்வீர்களா? கொப்பி செய்யுங்கள். அங்கே வீடியோவைத் திறந்து நடுவிலும் கடைசியிலும் ஓடவிட்டுப் பாருங்கள். வெளி டிஸ்க் ஒன்றில் இன்னொரு பிரதி வையுங்கள். அப்புறம் இங்கே அழியுங்கள்.

முதலில் கேபிளை மாற்றிக் குத்திவிட்டு எனக்கு எழுதுங்கள் தம்பி. கதை வேண்டாம், எண் மட்டும் போதும்.